காற்றே, வெளியே நில்!

பெரியவர் சிரித்த முகமாகச் செத்துக் கிடந்தார்.

குளியலறைச் சுவரில் சாய்ந்தபடி, இடுப்பில் துண்டோடு... சோப்பைக்கூட எடுத்திருக்கவில்லை. பக்கத்தில் ஒரு வாளி வெந்நீர் ஆறிக்கொண்டிருந்தது.

காலை எட்டேகால் மணி.

ஹார்ட் அட்டாக் என்று அக்கம்பக்கத்தார் முடிவே கட்டிவிட்டார்கள். பஸ் டிரைவராக முப்பத்தைந்து வருஷம் ஓடிய உடம்பு, போதும் என்று நின்றுவிட்டது என்றார் ஒருவர்.

மருமகள் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிப்பவள். கதவை உடைத்துக்கொண்டு முதலில் உள்ளே போனவள் அவள்தான். மாமனாரின் முகத்தைப் பார்த்ததும் ஹீட்டரை அணைத்து, ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டுப் போலீஸுக்கு ஃபோன் போட்டவளும் அவள்தான்.

பாவம். அந்த ஃபோன் தன் புருஷனின் கழுத்தைத்தான் முதலில் பிடிக்கும் என்று அவளுக்கு அப்போது தெரியாது.

வந்த இன்ஸ்பெக்டர் ஒரு பெண்மணி. பிணம் கிடக்கிற வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் உயிரோடு இருப்பவர்களின் முகங்களைத்தான் பார்ப்பார். பின்னாலேயே ஏட்டு. ரிட்டயராக இன்னும் பதினோரு மாதம் இருந்தது. எழுதி வைக்காத எதையும் நம்பாத மனிதர்.

"முகம் ஏன் மேடம் இப்படிச் சிவந்திருக்கு? தூங்கி எழுந்த குழந்தை மாதிரி..." என்றார் ஏட்டு.

"விஷப் புகை ஏட்டய்யா. கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. ஆளைச் சிவப்பாக்கி அனுப்பிடும்."

இன்ஸ்பெக்டரின் கண் சுவரில் ஏறியது. பழைய கேஸ் ஹீட்டர். அரை மணி நேரம் எரிந்தால்தான் தொட்டித் தண்ணீர் சுடும். அதன் தலையிலிருந்து ஒரு புகைக்குழாய் கிளம்பிச் சுவரைத் துளைத்துக்கொண்டு கொல்லைப்புறம் போயிருந்தது.

கொல்லையில் ஏணி இருந்தது. ஏட்டு முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். குழாயின் வாயில் இரண்டு விரலை விட்டார். ஒரு விநாடி திகைத்தார்... பிறகு இழுத்தார்.

வந்துகொண்டே இருந்தது துணி.

காக்கித் துணி. பழைய யூனிஃபார்ம் சட்டையின் கை. இறுக்கமாகச் சுருட்டித் திணித்திருந்தார்கள்.

"மேடம்..." ஏணியிலிருந்தே சொன்னார் ஏட்டு. "இது கொலை."

மகன் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். அச்சகத்தில் ஃபோர்மேன். நகக்கண்ணில் மை. வயது முப்பத்தாறு இருக்கும். அன்று காலை ஐம்பது தெரிந்தது. அவனும் மனைவியும் மாடியில் குடியிருந்தார்கள். பெரியவர் கீழே தனியாக.

"ஹீட்டரைப் போட்டது யாரு?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான்தான்."

"தினமும் நீங்கதான் போடுவீங்களா?"

"இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை."

ஏட்டின் பேனா நின்றது.

"போட்டுட்டு?"

"சூடு போயிடக்கூடாதுன்னு கதவைச் சாத்தி வெச்சேன். அரை மணி நேரம் கழிச்சு மேலே இருந்து இறங்கி வந்து அவரைக் கூப்பிட்டேன். அவர் உள்ளே போனதும் நான் மாடிக்குப் போயிட்டேன்."

"அப்பாவோட சுமுகமா இருந்தீங்களா?"

அவன் தரையைப் பார்த்தான். "பேசி எட்டு மாசம் ஆச்சு மேடம்."

பேச்சு நின்ற கதையை இன்ஸ்பெக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்தார். போன குளிரில் அவன் அம்மா நிமோனியாவில் போய்ச் சேர்ந்தாள். ஜன்னலெல்லாம் பழசு. இடுக்கு வழியாகக் காற்று ஊசி மாதிரி உள்ளே வரும். ஜன்னலை மாற்றச் சொல்லி அவன் மூன்று வருஷமாகக் கெஞ்சியிருக்கிறான். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம் என்பதே பெரியவரின் ஒரே பதில்.

"அம்மாவுக்கு அடுத்த வருஷம் இல்லாமலே போச்சு" என்றான். "அன்னிக்கு நிறுத்தினேன். அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசல."

மகன் பேச்சை நிறுத்தியதும் பெரியவர் வேலையை ஆரம்பித்தார். ரிட்டயரானபோது வந்த பணம் முழுவதையும் அந்த வீட்டில் கொட்டினார். ரெட்டைக் கண்ணாடி ஜன்னல். கதவு விளிம்பெல்லாம் ரப்பர். கூரைக்கு உட்புறம் கனமான பஞ்சுப் பலகை. இனி ஒரு கொசு மூச்சுவிட வேண்டுமென்றாலும் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும்! இரண்டு பேர் மட்டும் பேசிக்கொள்ளாத வீட்டுக்கு இத்தனை ஜோடனை.

அரசாங்கத் திட்டம் ஒன்று இருந்தது. எரிசக்தி மிச்சமாகும்படி வீட்டை மாற்றினால், செலவில் பாதியை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். வீடு மகன் பெயரிலும் இருந்ததால் சலுகை அவனுக்குத்தான் வரும்படி பெரியவர் மனுப் போட்டிருந்தார். மன்னிப்புக் கேட்க அவருக்குத் தெரிந்த ஒரே பாஷை அது.

ஆனால் போலீஸ் கண்ணுக்கு அதெல்லாம் தெரியுமா? எட்டு மாதப் பகை. என்றும் போடாத ஹீட்டரை இன்று போட்ட மகன். குழாயில் துணி. மேலதிகாரி ஃபோனில் சொல்லிவிட்டார்: சாயங்காலத்துக்குள் மகனைக் கொலைக் கேஸில் உள்ளே தள்ளுங்கள்.

ஜீப்பில் ஏறச் சொன்னதும் அவன் மறுபேச்சு இல்லாமல் எழுந்தான். மருமகள் குறுக்கே வந்து நின்றாள். அழவில்லை. 

"இவர் ஹீட்டர் போட்டதுக்குக் காரணம் நான் மேடம். மாமா நாலு நாளா பச்சைத் தண்ணியிலதான் குளிச்சார். கேட்டா வெந்நீர் ஒத்துக்கலைன்னார். ஒரே இருமல். உங்க அம்மா போனது போதாதா, இவரையும் அனுப்பணுமான்னு நான்தான் நேத்து இவர்கிட்ட சண்டை போட்டேன்."

இன்ஸ்பெக்டர் ஜீப் கதவைத் திறந்த கையோடு நின்றார்.

"நாலு நாளாவா? அதுக்கு முன்னாடி?"

"வெந்நீர் இல்லாம குளிக்கவே மாட்டார்."

"சரி. நாலு நாளைக்கு முன்னாடி இந்த வீட்டுல என்ன நடந்தது?"

மருமகள் யோசித்தாள். "காத்து டெஸ்ட்" என்றாள்.

மத்தியானம் விசிறிக்காரர் ஸ்டேஷனுக்கு வந்தார். அந்த வட்டாரத்தில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்வார்கள். வாசல் கதவு இருக்கும் இடத்தில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, வீட்டுக் காற்றை வெளியே உறிஞ்சுவார். எந்தெந்த இடுக்கு வழியாக எவ்வளவு காற்று திரும்ப உள்ளே புகுகிறது என்று லேப்டாப் கணக்குப் போடும். அந்தக் கசிவு எண் ஐந்துக்குள் இருந்தால்தான் வரிச்சலுகை. ஐந்தைத் தாண்டினால் போட்ட பஞ்சும் வீண், மாட்டிய கண்ணாடியும் வீண்.

பெரியவர் வீட்டுக்கு முதல் முறை 5.4 வந்தது. ஃபெயில். பத்து நாள் கழித்து, அதாவது நாலு நாளைக்கு முன்பு, 4.9. பாஸ்.

"நடுவுல புதுசா என்ன வேலை செஞ்சாங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

விசிறிக்காரர் தெரியாது என்றார். வேர்த்தது. ஃபேனுக்கு நேர் கீழேதான் உட்கார்ந்திருந்தார்.

லேப்டாப்பைத் திறக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர். இரண்டாவது டெஸ்டின் கோடு திரையில் ஓடியது. 5.4... 5.4... 5.4... பத்து நாற்பத்திரண்டுக்குச் சட்டென்று ஒரு படி இறங்கி, 4.9-இல் போய் நிலையாக நின்றது.

"இது என்ன?"

"அது... வெளியில காத்து அடிச்சிருக்கும் மேடம்."

"காத்து அடிச்சா கோடு ஆடும். இது இறங்கி உட்கார்ந்திருக்கு. விசிறி ஓடும்போதே யாரோ ஒரு ஓட்டையை அடைச்சிருக்காங்க. உங்களுக்கு அது அப்பவே தெரியும்."

விசிறிக்காரர் கைக்குட்டையை எடுத்தார். பிறகு எல்லாம் வந்தது. பத்து வீட்டில் மூன்று வீட்டில் இப்படித்தானாம். யாராவது ஒரு போர்வையையோ தலையணையையோ எங்காவது திணிப்பார்களாம். அவர் கிளம்பியதும் எடுத்துவிடுவார்களாம். அவரும் கண்டுகொள்ள மாட்டாராம்.

"டெஸ்ட் முடிஞ்சதும் ஹீட்டரை எரிய விட்டு, குழாய் வழியா புகை வெளியே போகுதான்னு பார்க்கணும்னு உங்க படிவத்துலயே இருக்கு. 'பார்த்தாச்சு'ன்னு டிக் போட்டிருக்கீங்க. பார்த்தீங்களா?"

விசிறிக்காரர் கைக்குட்டையை மடித்தார்.

"அஞ்சு நிமிஷ வேலை" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "ஒரு தீக்குச்சி செலவு... சரி, சொல்லுங்க. பத்து நாற்பத்திரண்டுக்கு யார் யார் எங்கே இருந்தாங்க?"

"மருமகப் பொண்ணு என் பக்கத்துலயே நின்னு திரையைப் பார்த்துட்டிருந்தாங்க. புள்ளை வேலைக்குப் போயிட்டார்."

ஏட்டு அச்சகத்துக்கு ஃபோன் போட்டார். மகன் அன்று ஒன்பது மணிக்கு உள்ளே போய், ஐந்தரைக்குத்தான் வெளியே வந்திருந்தான். வருகைப் பதிவில் இருந்தது.

"பெரியவர்?"

விசிறிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "கொடியில துணி காயுது, எடுத்துட்டு வர்றேன்னு கொல்லைப் பக்கம் போனார் மேடம். ரொம்ப நேரம் கழிச்சுத்தான் வந்தார். கையில துணி எதுவும் இல்ல."

ஏட்டு எழுதியதை ஒரு முறை படித்தார். இன்னொரு முறை படித்தார். எழுதி வைத்ததையே அவர் நம்பாமல் பார்த்தது அன்று ஒரு நாள்தான்.

லாக்கப்பிலிருந்து மகனைக் கூட்டி வந்தார்கள். மருமகளும் வந்து நின்றாள்.

"நீங்க போகலாம்" என்றார் இன்ஸ்பெக்டர். "குழாயை அடைச்சது உங்க அப்பா."

அவனுக்குப் புரிய நேரம் பிடித்தது. "அவருக்கு எதுக்கு மேடம் இந்த வேலை? வாழ்நாள்ல ஒரு சிக்னலைத் தாண்டாத மனுஷன்."

இன்ஸ்பெக்டர் மருமகளைப் பார்த்தார். அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் சொன்னாள்.

"முதல் டெஸ்ட் ஃபெயிலாச்சுன்னதும் நீங்க என்கிட்ட என்ன சொன்னீங்க? ஞாபகம் இருக்கா? மாசக் கடைசியோட திட்டம் முடியுது. அவர்கிட்ட சொல்லு, எப்படியாவது பாஸ் பண்ண வைக்கச் சொல்லுன்னீங்க. நான் மாமாகிட்ட அப்படியே போய்ச் சொன்னேன். எட்டு மாசத்துல நீங்க அவருக்கு அனுப்பின ஒரே சேதி அதுதான். என் புள்ளை என்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கான்மான்னு ரெண்டு தடவை சொன்னார்."

மகன் விசிறிக்காரர் பக்கம் திரும்பினான்.

"அப்புறமா எடுத்திருக்கலாமே... டெஸ்ட்தான் முடிஞ்சுதே..."

"ஒரு வாரத்துக்குள்ள ஆபீஸர் மறுபடி அளந்து பார்க்க வரலாம்னு நான்தான் சொல்லியிருந்தேன்" என்றார் விசிறிக்காரர், யாரையும் பார்க்காமல்.

ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தைப் பச்சைத் தண்ணீரில் கழித்துவிடலாம் என்று பெரியவர் கணக்குப் போட்டிருந்தார். எழுபது வயதில், அந்தக் குளிரில், இருமிக்கொண்டே. பிறகு யாருக்கும் தெரியாமல் ஏணி போட்டுத் துணியை எடுத்துவிட்டால் தீர்ந்தது. மகனுக்குச் சலுகை, தனக்கு வெந்நீர்.

அவன் திடீரென்று நிமிர்ந்தான்.

"மேடம்... அப்படின்னா குழாய் அடைச்சிருக்குன்னு அவருக்குத் தெரியும். நான் கதவைத் தட்டி, 'அப்பா, வெந்நீர் போட்டிருக்கேன், குளிங்க'ன்னேன். அவர் என்னையே பார்த்தார். வேணாம்னு சொல்லல. துணி இருக்குன்னு சொல்லல. சிரிச்சுட்டு, துண்டை எடுத்துத் தோள்ல போட்டுட்டுப் போனார். தெரிஞ்சும் ஏன் மேடம் உள்ளே போனார்?"

இன்ஸ்பெக்டருக்குப் பதில் தெரியும். கொஞ்சம் புகைதானே, ஐந்து நிமிடத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்திருப்பார். அரை மணி நேரமாகச் சாத்திய அறைக்குள் விஷம் சேர்ந்திருக்கும் என்று ஒரு பஸ் டிரைவருக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்ல வாயெடுத்தார். மருமகள் முந்திக்கொண்டாள்.

"எட்டு மாசம் கழிச்சு நீங்க அப்பான்னு கூப்பிட்டீங்க" என்றாள். "எப்படிப் போகாம இருப்பார்?"

அவன் பெஞ்சில் உட்கார்ந்தான். கைகளை முன்னால் நீட்டினான்.

"என்னை விடாதீங்க மேடம். விலங்கு போடுங்க."

யாரும் போடவில்லை. அவன் நீட்டிய கைகளை மனைவி பிடித்துக் கீழே இறக்கிவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். அம்மாவுக்காக அழாமல் கோபத்தில் அடக்கி வைத்திருந்த அழுகையும் சேர்ந்துகொண்டு வந்தது. விசிறிக்காரரும் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். அவரை அன்று வீட்டுக்கு அனுப்புவதாக இல்லை.

ஏட்டு தொண்டையைச் செருமினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். படிவத்தை இன்ஸ்பெக்டர் பக்கம் நகர்த்தினார்.

"பொய்யா டிக் போட்டதுக்கு இவரை ரெண்டாவதா எழுதிட்டேன் மேடம். முதல் குற்றவாளி கட்டம் காலியா இருக்கு. யாரைப் போடறது?"

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"'எப்படியாவது'ன்னு போடுங்க ஏட்டய்யா. பாதிக் கேஸுல அவன்தான் முதல் குற்றவாளி... நமக்குத்தான் இன்னும் அட்ரஸ் கிடைக்கல."