நிஷாந்தினி மேல் ஒரு கேஸ்!

போன் அலறியது!

லுணுகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்து பறிக்கப் போன அம்மாக்களின் பதினோரு பிள்ளைகளும் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான பிள்ளைக் காம்பராவில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தன. ஒன்று எழுந்தாலும் பதினொன்றும் எழுந்துவிடுமே! பொறுப்பாளர் ஜெயலெட்சுமி பாய்ந்து போனை எடுத்தாள்.

"பொலிஸ்ல இருந்து பேசுறேன்!" மூக்கடைத்த ஆண் குரல். "புதுசா வேலைக்கு வந்திருக்காளே நிஷாந்தினி... அவ மேல கேஸ் இருக்கு!"

"என்ன கேஸுங்க சார்?"

"புள்ள கடத்தல்!"

"நிஷாந்தினியா? புள்ள கடத்தலா?" ஜெயலெட்சுமி வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

மூலையில் பால் போத்தல் கழுவிக்கொண்டிருந்த நிஷாந்தினி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். பத்து நாளாக இதே வேலைதான். கேஸ் ஏதும் இருக்கிறதா என்று சொல்லும் பொலிஸ் ரிப்போர்ட் வரும்வரை ஒரு பிள்ளையையும் தூக்கக் கூடாது என்று ஜெயலெட்சுமி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். ரிப்போர்ட் நல்லபடியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால்...?

"இப்பவே வெரட்டிருங்க!" குரல் மிரட்டியது.

ஊ...ஊ...ஊ...!

பெக்டரியில் பன்னிரண்டு மணிச் சங்கு!

ஜன்னல் வழியாகக் கேட்டது. அட... போனுக்குள்ளும் கேட்டது!

பொலிஸ் ஸ்டேசனோ மலைக்குக் கீழே, டவுனில். அங்கே ஏது சங்கு? பேசுகிறவன் தோட்டத்து ஆள்தான்!

பிறந்த நாள் முதல் சங்குச் சத்தத்திலேயே வளர்ந்தவனுக்கு அது காதிலேயே விழவில்லை போலும். அவன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனான். தோட்டத்தில் சிக்னல் கிடைப்பதோ பிள்ளைக் காம்பரா இருக்கும் இந்த மேட்டில் மட்டும்தான்!

"சொல்லுங்க சார்... கேக்குறேன் சார்..." என்றபடியே ஜெயலெட்சுமி பின்கதவைத் திறந்தாள்.

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால், காதில் போனோடு, குரலை மாற்ற மூக்கைப் பிடித்தபடி குந்தியிருந்தான் ஒருவன்.

நிஷாந்தினியின் புருசன் துஷாந்த்!

"அடப்பாவி மனுசா... நீங்களா?" ஓடிவந்த நிஷாந்தினிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"இவ வேலைக்கு வந்ததுல இருந்து காலையில ரொட்டி சுட ஆளில்லக்கா..." துஷாந்த் நெளிந்தான்.

"அதுக்குப் புள்ள கடத்தலா? வெளங்கிரும்!" என்றாள் ஜெயலெட்சுமி.

உடனே நிஜப் பொலிசுக்கே போன் போட்டாள். சிங்களத்தில் விசாரித்தாள். முகம் மலர்ந்தது.

"ஒம்மேல ஒரு கேஸும் இல்லயாம்டி! ரிப்போர்ட் ரெடியாம்! வந்து வாங்கிக்கச் சொல்றாங்க. நாளையில இருந்து நீயும் புள்ளைகளத் தூக்கலாம்!"

நிஷாந்தினி சந்தோஷத்தில் ஜெயலெட்சுமியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

துஷாந்தோ கையெடுத்துக் கும்பிட்டான்!

"அக்கா... பொலிஸ்னு சொல்லி நான் பேசினத மட்டும் அங்க சொல்லிறாதீங்க! கத்தாருக்கு வேலைக்குப் போக நானும் பொலிஸ் ரிப்போர்ட் கேட்டுப் போட்டிருக்கேன்!"

நிஷாந்தினி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொலிசுக்கே எதுக்கு சார் பொலிஸ் ரிப்போர்ட்?"