பிங்ரோ கேட்ட கேள்வி

டக், டக் என்று இரண்டு கட்டைகள் கல்தரையில் விழுந்தன. சிவப்புச் சாயம் பூசிய, பிறைநிலா வடிவக் கட்டைகள்; ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் உருண்டை.

கடல் தெய்வம் மாஸூவின் கோயிலில் அந்தச் சத்தம் காலையிலிருந்து மாலைவரை கேட்கும். தெய்வத்திடம் கேள்வி கேட்டுவிட்டு எல்லோரும் கட்டைகளைப் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் இன்று ஒரு மூலையில் டக், டக் நிற்கவே இல்லை. பத்து வயது யாலிங் ஊதுபத்தியும் கையுமாகத் திரும்பிப் பார்த்தாள்.

ஆறு வயது இருக்கும், ஒரு சின்னப் பெண் முட்டிபோட்டிருந்தாள். கட்டைகளை எடுப்பாள், போடுவாள், முறைப்பாள். மூக்கு தக்காளிபோலச் சிவந்திருந்தது.

"எவ்வளவு நேரமாப் போடறே?" என்று கேட்டாள் யாலிங்.

"அஞ்சு ஊதுபத்தி எரிஞ்ச நேரமா. இந்த மாஸூ என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருக்கா."

இரண்டு கட்டைகளும் தட்டைப் பக்கம் மேலே தெரிய மல்லாந்து கிடந்தன. அப்படி விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று அர்த்தம்.

"உன் பேரு?"

"பிங்ரோ. எங்கப்பா படகுல போயிருக்கார். புயல் வந்து போயி மூணு நாளாச்சு. இன்னும் வரல."

தூணருகே பிங்ரோவின் அம்மா நின்றிருந்தாள். தூக்கமில்லாமல் கண்கள் உள்ளே போயிருந்தன.

"தெற்குத் துறைமுகத்துல ஒதுங்கியிருக்காங்க. நல்லாத்தான் இருக்காங்க. அலை அடங்கினதும் வந்துருவாங்கன்னு நேத்தே தகவல் வந்தாச்சும்மா" என்றாள் அவள். "நான் சொன்னா நம்ப மாட்டேங்கிறா. நேத்து ராத்திரி முழுக்க ஜன்னல்லயே உட்கார்ந்திருந்தா. காலையில இங்க வந்தவ, பதில் வாங்காம நகர மாட்டேங்கிறா. ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கல."

"நீ அழுதியே, நான் பார்த்தேனே!" என்றாள் பிங்ரோ.

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

யாலிங் ஊதுபத்தியைத் தூபக்கலசத்தில் செருகிவிட்டு வந்து பிங்ரோவின் பக்கத்தில் முட்டிபோட்டாள். "நீ மாஸூகிட்ட என்ன கேட்டே? அப்படியே சொல்லு."

"அப்பா எப்ப வருவார்னு கேட்டேன்."

"அதான் சிரிச்சிருக்கா! இந்தக் கட்டைக்கு 'ஆமா', 'இல்ல'ன்னுதான் சொல்லத் தெரியும். 'எப்ப'ன்னு கேட்டா என்ன பண்ணும், பாவம்? பேரும் வீட்டு விலாசமும் சொன்னியா?"

"அவளுக்குத் தெரியாதா?"

"இந்தத் தீவுல எத்தனை அப்பாங்க கடல்ல இருக்காங்க! சொன்னாத்தானே தெரியும்?"

பிங்ரோ கண்ணைத் துடைத்தாள். "அப்போ, 'அப்பா இன்னைக்கு வந்துருவாரா'ன்னு கேக்கறேன்."

யாலிங்குக்குத் திக்கென்றது. 'இல்லை' என்று விழுந்துவிட்டால்? நாளைக்கா என்று கேட்டு, அதற்கும் 'இல்லை' என்றால்? இந்தக் குழந்தை இங்கேயே உட்கார்ந்துவிடுமே!

அவள் அவசரமாக யோசித்தாள். அலை எப்போது அடங்கும் என்பது இங்கே யாருக்கும் தெரியாது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு இப்போதே தெரியவேண்டியது ஒன்று இருந்தது.

"பிங்ரோ, நீ ஏன் வீட்டுக்குப் போக மாட்டேங்கிறே?"

"நான் பார்த்துக்கிட்டே இல்லேன்னா, மாஸூ எங்கப்பாவை மறந்துட்டா?"

"அதைக் கேளேன். 'நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கறேன். அதுவரைக்கும் நீ பார்த்துக்கறியா?'ன்னு கேளு."

பிங்ரோ கட்டைகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "மாஸூ அம்மா, என் பேரு பிங்ரோ. பனிக்கட்டித் தொழிற்சாலைக்குப் பின்னாடி, பச்சைக் கதவு வீடு. எங்கப்பா படகு நீலம். முன்னாடி கொஞ்சம் பெயின்ட் உரிஞ்சிருக்கும். நான் தூங்கற வரைக்கும்... இல்ல இல்ல, எந்திரிக்கிற வரைக்கும் நீ பார்த்துக்கறியா?"

டக், டக்.

ஒன்று தட்டை, ஒன்று உருண்டை. ஆமாம்!

"மூணு தடவை 'ஆமா' வரணும், அப்பத்தான் உறுதி" என்றாள் பிங்ரோ கண்டிப்பாக.

இரண்டாவதும் ஆமாம்.

மூன்றாவது முறை ஒரு கட்டை தட்டைப் பக்கம் மேலே தெரிய நின்றது. மற்றது உருண்டு பூஜை மேசைக்கு அடியில் போய்விட்டது. இருவரும் தரையோடு தரையாகப் படுத்து எட்டிப் பார்த்தார்கள். 'இதுவும் தட்டையாக விழுந்து மாஸூ சிரித்துவிட்டால், கஞ்சி குடித்துவிட்டு வந்து கேட்கலாமா என்று கேட்கச் சொல்ல வேண்டியதுதான்' என்று யாலிங் மனதுக்குள் தயாராக வைத்துக்கொண்டாள்.

"உருண்டை!" என்று கத்தினாள் பிங்ரோ. "உருண்டைப் பக்கம் மேலே இருக்கு! அம்மா, மாஸூ பார்த்துக்கறாளாம்!"

அம்மா ஓடிவந்தாள். "அப்போ போகலாமாடா கண்ணு?"

"போகலாம். நீயும் தூங்கணும். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டேன்."

"என்னைச் சொல்லவே இல்லையேடி!"

"மனசுக்குள்ள சொன்னேன்."

அம்மா அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். வெளிவாசலுக்கு இருபது அடிகூட இருக்காது. அதற்குள் பிங்ரோவின் தலை சாய்ந்துவிட்டது. உயரமான வாசல்படியை அம்மா மெல்லக் காலைத் தூக்கித் தாண்டியபோது, குழந்தையின் ஒரு செருப்பு நழுவிக் கீழே விழுந்தது. பிங்ரோ அசையக்கூட இல்லை.

யாலிங் அந்தச் செருப்பை எடுத்துக்கொண்டு, சத்தம் வராமல், நுனிக்காலில் அவர்கள் பின்னாலேயே ஓடினாள்.