ஓரம் கருகிய இலை

"ஐயோ...!"

மக்தலேனா போட்ட அலறலில், தெரு மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் மொத்தமாக எழும்பின.

கடைசி பெஞ்சு வரை கேட்க வேண்டும் என்று பழக்கிய தொண்டை. வீண் போகவில்லை.

மாடிப்படியின் அடியில் அவள் கணவர் சிங்கராயர் கிடந்தார். மண்டையில் ரத்தம். சுற்றிலும் உடைந்த மண்தொட்டியின் ஓடுகள்.

இன்ஸ்பெக்டர் சிலுவைமுத்து வந்தார். குனிந்து நாடி பார்த்தார். மாடிக்கு ஏறினார். ஒரு கருகிய இலையோடு இறங்கி வந்தார்.

"மேல என்ன இருக்குன்னு தெரியுமா, சயாமா?"

ரங்கூனில் டீச்சரம்மா என்றால் சயாமாதான். மிஷன் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது அவளுடைய வேலை போயிற்று. பட்டத்தை மட்டும் மறந்து விட்டுவிட்டார்கள்.

"ஆர்கிட் வளக்கிறேன்னு சொன்னாரு. எனக்கு மூட்டுவலி. மாடி ஏறியே ரொம்ப நாளாச்சு."

"ஆர்கிட்டா... ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் தாள், டியூப் லைட்டு, வரிசையா தொட்டி. அத்தனையும் கஞ்சா."

"சேசுவே..." என்றாள் மக்தலேனா. சரியான இடத்தில் சரியான அளவு.

"இன்னிக்கு எங்க இருந்தீங்க?"

"வெள்ளிக்கிழமை ஆச்சே. கோயில்ல சிலுவைப்பாதை. முடிச்சு வந்து கதவைத் திறந்தா... இந்தக் கோலம்."

முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். உள்ளே துக்கம் எங்கே இருக்கிறது என்று தேடியும் பார்த்தாள். ஒரு மூலையில் கொஞ்சம் இருந்தது. அதற்கு முன்னால், அதை மறைத்துக்கொண்டு, கப்பல் நின்றது.

வரும் வியாழக்கிழமை மதராஸ் கப்பல். ஏறுவதற்குப் போலீஸ் கையெழுத்து வேண்டும். மாடிச் சமாசாரம் அவளுக்குத் தெரியும் என்று ஆகிவிட்டால் கப்பலும் இல்லை, கையெழுத்தும் இல்லை. ஜெயில்தான்.

தெருமுனை டீக்கடை சாதிக் பாட்சாவை இழுத்து வந்தார்கள். சிங்கராயரின் சரக்கு டீயோடு சேர்ந்து விற்பனையாவது அங்கேதான்.

"பாட்சா... நேத்து இவரோட சண்டையாமே?"

"ஆமா சார். எலையெல்லாம் கருகி உதிருது, நான் ஏதோ விஷம் வச்சுட்டேன்னு கத்தினாரு. அதை வித்துத்தானே சார் எங்க வீட்ல அடுப்பு எரியுது. நானே போய் அதுல விஷம் வைப்பேனா?"

"இப்ப அடுப்பை விடு. உன் கழுத்தைப் பாரு. சண்டை போட்டே, தொட்டியைத் தூக்கி மண்டையில போட்டே. தூக்குதான்."

பாட்சா இரண்டு கையாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டான்.

மக்தலேனா மூச்சு விட்டாள். பாவம்தான், பாட்சா. மதராசுக்குப் போய் அவனுக்காக ஒரு பூசை வைக்கலாம்.

சிலுவைமுத்து கையிலிருந்த இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விஷமாவது ஒண்ணாவது. இது பூஞ்சை நோய்."

மக்தலேனாவின் பல் கூசியது. கரும்பலகையில் நகம் கீறிய மாதிரி. பேசாதே... கப்பல்... கப்பல்...

"பூஞ்சை இல்லை" என்றது வாய்.

"பின்னே?"

"பூஞ்சைன்னா எலைக்கு நடுவிலேயும் வட்ட வட்டமா விழும், சுத்தி மஞ்சள் வளையம் கட்டும். இது நுனியில ஆரம்பிச்சு ஓரத்தோட ஓடியிருக்கு."

"அப்ப உரம் பத்தலை."

"பத்தலைன்னா முதல்ல அடி எலை வெளுக்கும். மக்னீசியம் குறைஞ்சா நரம்பு பச்சையா நிக்கும், இடையில மஞ்சளாகும். நீங்க எந்தப் பள்ளிக்கூடம்?"

"தாவரப் பாடத்துல பெயிலுங்க, சயாமா."

"அது தெரியுது."

விரல்களுக்கு நடுவே சாக்கட்டி இருப்பது போல் ஒரு சுகம்.

"இது உப்பு. வேர்ல உப்பு ஏறினா இப்படித்தான் ஓரம் கருகும். தொட்டி விளிம்பில வெள்ளையாப் பூத்திருக்கும், பாருங்க."

மேலே ஓடிய கான்ஸ்டபிள் திரும்பி வந்தான். "ஆமா சார். பூத்திருக்கு."

சிலுவைமுத்து பிணத்தின் சட்டைப் பையைத் துழாவினார். சின்ன பாட்டில். மூடியில் சிலுவை. உள்ளே பாதி உப்பு.

"கோயில்ல மந்திரிச்ச உப்புல்ல இது? எங்கம்மாவும் வீட்டு மூலையில தூவுவாங்க, கண்ணு படாம இருக்க."

"இவரு தொட்டியில தூவியிருக்காரு," என்றாள் மக்தலேனா. "உங்க கண்ணு படாம இருக்க."

பாட்சா தலையில் அடித்துக்கொண்டான். "அட மனுஷா... நீயே உப்பைக் கொட்டிட்டு, என்னைப் பிடிச்சா உலுக்கினே?"

"அப்ப செடி அத்தனையும் போச்சா, சயாமா?" சிலுவைமுத்துவின் குரலில் நல்ல மாணவனின் அக்கறை.

"நல்ல தண்ணியா நிறைய ஊத்தி அலசணும். மத்ததெல்லாம் சந்தேகம். கடைசித் தொட்டி பிழைச்சுக்கும். அதுக்கு இன்னிக்குத்தானே முதல் தடவையா போட்டாரு, இன்னும் கரையக்கூட இல்லை."



"இன்னிக்குப் போட்டாரா?" சிலுவைமுத்து மெதுவாகக் கேட்டார். "சிலுவைப்பாதையில முட்டி போட்டுக்கிட்டே பாத்தீங்களா?"

மக்தலேனாவின் கண் மாடிப்படிக்குப் போனது.

தலைவலி என்று பாதியில் திரும்பி வந்து, மாடி ஏறியது நினைவில் எழுந்தது. அந்த அறைதான் அவளுக்கு மிஞ்சிய வகுப்பு. செடிகள் அவள் வளர்த்தவை. மக்னீசியத்துக்குப் பேதி உப்பு கரைத்து ஊற்றியவள் அவள். இலை கருகியபோது உப்பு என்று கண்டுபிடித்து, கிணற்றுத் தண்ணீரைச் சந்தேகப்பட்டவளும் அவள்தான். அங்கே சிங்கராயர், கடைசித் தொட்டியில் இருந்த அவளுடைய அருமையான செடிக்கு முன் நின்று, சிலுவை போட்டு, உப்புத் தூவிக்கொண்டிருந்தார்.

"நீ புஸ்தகத்தை நம்புறே, நான் ஆண்டவரை நம்புறேன்" என்று சிரித்தார்.

படி இறங்கத் திரும்பினார். பக்கத்தில் ஒரு தொட்டி கைக்கு வாகாக இருந்தது.

"வளத்தது நீங்கதானா, சயாமா?"

"அவருக்கு வெந்தயம்கூட முளைக்காது" என்றாள். கைகளை நீட்டினாள்.

பாட்சா கும்பிட்டான். "எனக்காக உண்மையைச் சொன்னீங்களே, சயாமா..."

"உனக்காக இல்லைய்யா. பூஞ்சைன்னாரே... அதைத்தான் தாங்க முடியலை."

வாசலில் நின்று ஒருமுறை மாடியைப் பார்த்தாள்.

"அந்தக் கடைசித் தொட்டிக்கு இன்னிக்கே தண்ணி ஊத்தச் சொல்லுங்க."

"ஊத்தாம விடுவேனா?" என்றார் சிலுவைமுத்து, விலங்கைப் பூட்டியபடி. "கொலையைப் பாத்ததுல உசுரோட இருக்கிற ஒரே சாட்சி அதுதானே!"