மயிலாங்காட்டுச் சந்தனக் குழி

மயிலாங்காட்டில் சந்தன மரம் நின்ற இடத்தில் இப்போது ஒரு குழிதான் இருந்தது. 1955, ஐப்பசி மாதம், காலை ஏழரை மணி. இடுப்பளவுக் குழி. பக்கத்தில் ஈர மண் குவியல். சற்றுத் தள்ளி வேப்பாலை மரத்தில் செவந்தியைக் கட்டிவைத்திருந்தார்கள். விறகு பொறுக்கி விராலிமலைச் சந்தையில் விற்றுப் பிழைப்பவள். கன்னம் வீங்கியிருந்தது. பால் கசிந்து மாராப்பு நனைந்திருந்தது.

அதைப் பார்த்ததுமே சப்-இன்ஸ்பெக்டர் சிவசாமி முகம் சுளித்தார்.

“முதல்ல கயித்தை அவுருய்யா.”

கான்ஸ்டபிள் ராக்கன் அவிழ்த்துவிட்டான்.

“எசமான், மூணு மாசப் புள்ள பசியில கெடக்கு. கருக்கல்ல விறகுக்கு வந்தவள இவுக புடிச்சுக் கட்டிப்புட்டாக. செயிலுக்குப் போனேன்னா அது செத்துப்போயிரும் எசமான். நான் மரத்தைத் தொடவே இல்ல.”

“பொய்யிங்க!” என்று குறுக்கே பாய்ந்தார் ஃபாரஸ்டர் பிச்சைமுத்து. விறைப்பான காக்கிச் சட்டை. நெற்றியில் பட்டை. “நேத்து ராத்திரி கூட்டாளிகளோட வந்து தோண்டியிருக்கா. மரத்தை அவனுக கொண்டுபோயிட்டானுக. இவ விறகுக் கட்டுக்குள்ள இந்தத் துண்டு கெடந்துச்சு.”

சிவசாமி துண்டை வாங்கிப் பார்த்தார். சந்தனம்தான். இரண்டு முனையும் காய்ந்து வெடித்திருந்தன.

“இந்தக் காடு ஒங்க பொறுப்புத்தானே?”

“ஆமாங்க. நாளைக்கு ரேஞ்சர் மரம் எண்ண வாராரு. அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு.”

அதோடு நிறுத்தினாரா மனுஷன்? பிரசங்கமே தொடங்கிவிட்டார். ஒரு காலத்தில் மகாராஜா வேட்டையாடிய காடாம். நாற்பத்தெட்டில் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்ததும் சர்க்கார் காடாயிற்றாம். இவர் அப்போதும் காவல், இப்போதும் காவல்.

“பேரப்புள்ளைக காலத்துக்கும் காட்டைக் காப்பாத்திக் குடுக்கறதுதாங்க எங்க இலாகா வேலை. சந்தனத்தை நாங்க வெட்டமாட்டோம், வேரோட தோண்டித்தான் எடுப்போம். எடுத்த குழிய மூடி, அங்கயே வெதை போடுவோம். சந்தனம் தனியாப் பொழைக்காதுங்க. அடுத்த செடி வேரை உறிஞ்சித்தான் வளரும். அதுனால தொணைக்கு இன்னொரு வெதையும் போடுவோம். அங்கிட்டுப் பாருங்க, போன மாசம் போட்டது.”

சிவசாமி பார்த்தார். வரிசையாக மூடிய குழிகள். ஒவ்வொன்றின் மேலும் துவரைச் செடி தழைத்திருந்தது. காட்டில் வேறெங்கும் துவரை இல்லை.

அடிவாங்கிய பிள்ளைக்காரி ஒருத்தி பக்கத்தில் நின்று அழுகிறாள். பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேச இந்த ஆளுக்கு நாக்குக் கூசவில்லையே! சிவசாமி குழிக்குள் இறங்கினார்.

குழியின் சுவரில் வெட்டுப்பட்ட வேர் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. எல்லாம் கறுத்து உலர்ந்திருந்தன. மேலே ஏறி, மண் குவியலுக்குள் கைவிட்டுத் துழாவினார். சாண் உயரச் செடி ஒன்று வேரோடு வந்தது. அடியில் இன்னும் இரண்டு.

“இது என்ன செடி?”

“ஏதோ காட்டுச் செடிங்க.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

பிச்சைமுத்துவின் முகத்தில் வேர்த்தது. “துவரைங்க...”

“நேத்து ராத்திரி தோண்டின மண்ணுக்குள்ள இது எப்படி வந்துச்சு? இந்த ஒசரம் வளர மூணு வாரமாவது ஆகுமே. அப்படின்னா மரம் அதுக்கு முன்னாடியே போயிருச்சு. எடுத்தவன் குழிய மூடித் துவரையும் போட்டிருக்கான். ராத்திரி நீங்க திரும்பத் தோண்டினது மரமில்லாத வெறுங்குழி. வேர் கறுத்துப்போச்சு, துண்டு காஞ்சு வெடிச்சுப்போச்சு. ரேஞ்சர் எண்ண வாராருன்னதும் ஒங்களுக்கு ஒரு திருடி வேணும். கையில கெடைச்சவ இவ. துண்டை அவ கட்டுல சொருகினது நீங்கதான். வேற எந்தத் திருடனய்யா திருடின எடத்துல வெதை போட்டுட்டுப் போவான்?”

பிச்சைமுத்து குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“எதுக்குப் போட்டீரு? மறைக்கவா?”

“அப்படியெல்லாம் யோசிக்கலிங்க. மரத்தை ஏத்திக்கிட்டு லாரி போனதும் குழிய மூடினேன். மூடினா வெதை போடணுமில்ல... இருவது வருசப் பழக்கம். கை தானா வெதைப் பைக்குள்ள போயிருச்சுங்க.”

“த்தூ!” சிவசாமி காறித் துப்பினார். “மரத்தை வித்துத் தின்னுட்டு, பச்சைப் புள்ளக்காரியக் கட்டிவச்சு அடிச்சிருக்கியே, நீயெல்லாம் மனுசனாய்யா? ராக்கா, இவனுக்கு வெலங்கை மாட்டு. இந்த அம்மாவை இவனுக காட்டு இலாகா ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போய் வீட்டுல விடு.”

பாதையோரம் நின்ற ஜீப்பைச் செவந்தி பார்த்தாள். அதன் கதவில் இலாகா முத்திரை பளபளத்தது.

“வேணாம் எசமான். அதுல ஏறுன ஒடம்போட எம்புள்ளைக்குப் பால் குடுக்க மாட்டேன்.”

விறகுக் கட்டைக்கூட எடுக்காமல், முள்ளும் கல்லும் பாராமல் வீட்டைப் பார்த்து ஓடினாள்.