அடிக்கட்டையில் வைத்த ஆப்பிள்கள்

சனிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்த கையோடு வர்ஜிலின் வண்டி எங்கள் முற்றத்தில் வந்து நின்றது. என் மனைவி மார்லிஸின் அண்ணன். மர அறுவை ஆலையில் என்னோடுதான் வேலை. அங்கே வாயே திறக்க மாட்டான். காட்டில் திரிவதாகச் சொல்லப்படும் ராட்சதக் குரங்கு மனிதன் பிக்ஃபுட்டின் பேச்சை யாராவது எடுத்துவிட்டால் மட்டும் மூட மாட்டான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது. அதை நான் மறைத்ததும் இல்லை.

"இன்னைக்கு ஏழாவது வாரம், ஹார்லன். நீயும் வா. சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்."

"போயிட்டு வாயேன். இல்லன்னா நாள் பூரா இங்கயே உக்காந்து என் உயிர எடுப்பான்," என்றாள் மார்லிஸ். எங்கள் ஆறு மாதக் குழந்தை ஓபல் அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் பின்னால் மர லாரிகள் ஓடிய பழைய தடம். மூடுபனி இடுப்பளவு கிடந்தது. வழி நெடுக எனக்குப் பாடம் நடத்தினான். மரத்தைத் தட்டினால் அதுவும் தட்டும். கல்லை விட்டெறிந்தால் போ என்று அர்த்தம். ஒன்றை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்கும்.

"சும்மா எடுக்காதுடா. ரோஷக்கார ஜென்மம்."

"ஆறு வாரமா உனக்கு என்ன வெச்சுது?"

"ஒண்ணும் வெக்கல," என்றான், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

அரை மணி நடையில் ஒரு தேவதாருவின் அடிக்கட்டை. வாரம் ஒரு ஆப்பிளாக அதன்மேல் வைத்திருக்கிறான். தன்னுடையது என்று தெரிய, ஒவ்வொன்றிலும் கத்தியால் ஒரு பெருக்கல் குறி கீறியிருந்தானாம். போன வாரத்து ஆப்பிளையும் காணோம். கரடி தின்றிருக்கும் என்றேன். அவன் காதில் வாங்காமல் பேஸ்பால் மட்டையை எடுத்து மரத்தில் ஓங்கி அடித்தான்.

காத்திருந்தோம்.

டொக். டொக்.

பக்கத்தில்தான் கேட்டது. வர்ஜில் பல்லைக் காட்டினான். "பொம்பளையா இருந்தா இதுக்கு வராம இருக்காது பாரு," என்று கிசுகிசுத்து, போனை அழுத்தி அடிக்கட்டைமேல் வைத்தான்.

ஒரு குழந்தை அழுதது. வீறிட்டு அழுது, முடிவில் இரண்டு விக்கல்.

அந்த விக்கல் எனக்குத் தெரியும். இரவெல்லாம் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தவன் நான்.

"டேய், இது ஓபல்."

"ஞாயித்துக்கிழமை என் மடியில அழுதாளே, அப்ப எடுத்தேன். அழுகைதானே, என்ன கொறஞ்சு போச்சு?"

சட்டையைக் கொத்தாகப் பிடித்தேன். அப்போதுதான் அந்த நாற்றம் வந்தது. மழையில் ஊறிய நாயும் அழுகிய இறைச்சியும் கலந்த வீச்சம். பறவைகள் எப்போது வாயடைத்தன என்று தெரியவில்லை. அவனை உதறிவிட்டு, போனைப் பிடுங்கி அணைத்தேன்.

அழுகை நிற்கவில்லை.

மரங்களுக்குப் பின்னால், என் தலைக்கும் மேலே ஓர் உயரத்திலிருந்து, என் மகள் அழுதுகொண்டிருந்தாள். முடிவில் இரண்டு விக்கல்.

"கல்லு எறியல," என்றான் வர்ஜில். "கோவம் இல்ல போல."

கிளைகள் முறிந்தன. அந்தச் சத்தம் எங்களை நோக்கி வரவில்லை.

தடத்தோடு கீழே இறங்கியது.

வீட்டுப் பக்கம்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. மார்லிஸ் வாசலில் ஓபலை இறுக்கி அணைத்தபடி நின்றிருந்தாள்.

"வீட்டுக்குப் பின்னாடி இவ அழற சத்தம் கேட்டு ரூமுக்கு ஓடினேன். பாத்தா, இவ தொட்டில்ல நல்லாத் தூங்கிட்டு இருக்கா. யாரு ஹார்லன் அங்க அழுதது?"

தொட்டில் இருந்த அறையின் ஜன்னலைப் போய்ப் பார்த்தேன். வெளிவிளிம்பில் ஆறு ஆப்பிள்கள் வரிசையாக இருந்தன. முதல் ஒன்று சுருங்கிக் கறுத்திருந்தது, கடைசி ஒன்று இன்னும் சிவப்பு. எல்லாவற்றிலும் பெருக்கல் குறி. ஒன்றில்கூடப் பல் படவில்லை.

"எடுக்கறதுக்கு முன்னாடியே பதிலுக்கு வெச்சிருக்கு," என்று முணுமுணுத்தான், என் பின்னாலேயே ஓடி வந்திருந்த வர்ஜில்.

அவனை அறைந்தேன். அதற்கு இன்றுவரை வருத்தப்படவில்லை. அன்றே மூட்டை கட்டிக்கொண்டு, காட்டை விட்டு எழுபது மைல் தள்ளி நகரத்துக்கு வந்தோம்.

ஓபலுக்கு இப்போது ஐந்து வயது. அழுதால் விக்கல் வருவதில்லை. அதெல்லாம் எப்போதோ நின்றுவிட்டது. நடந்ததை நாங்கள் அவளிடம் சொன்னதில்லை. போன வாரம் சாயங்காலம், அவள் தன் ஆப்பிளைத் தின்னாமல் ஜன்னல் விளிம்பில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னடா கண்ணு பண்ற?"

"வெளிய ஒரு குட்டிப் பாப்பா அழறாப்பா. தெனமும் அழறா. பாவம், விக்கல் வேற."

மறுநாள் காலையில் ஆப்பிளைக் காணோம்.