ரிசப்ஷனில் ஒரு தலைமறைவு!

செல்போன் அலறியது.

காலை எட்டு பத்து.

தீபிகா வாயில் டூத்பிரஷ்ஷோடு எடுத்தாள்.

"ஹலோ..."

"தீபிகா... நான் கிஷோர். வைட்ஃபீல்ட். போன மாசம் எங்க அபார்ட்மென்ட் தண்ணிப் பிரச்னைக்கு என்கிட்ட பேட்டி எடுத்தீங்களே..."

"சொல்லுங்க சார்."

"அப்பாவைக் கொன்னுட்டாங்க!"

பிரஷ் வாஷ்பேசினில் விழுந்தது.

தீபிகாவுக்கு இருபத்தாறு வயது. ஆம்பூர்க்காரி. 'ஊர்மணி நியூஸ்' சேனலின் க்ரைம் ரிப்போர்ட்டர். பெங்களூர்த் தமிழர்களுக்காக, லிங்கராஜபுரத்தில் ஒரு டயர்க் கடையின் மாடியிலிருந்து நடக்கும் யூடியூப் சேனல் அது. நாலு லட்சம் சப்ஸ்கிரைபர்கள். நாலு ஊழியர்கள்.

பழக்க தோஷத்தில் கட்டைவிரல் ரெக்கார்டரைத் தட்டியது.

"யார் சார்... யாரு பண்ணினது?"

"நைட் அட்டெண்டர். அப்பாவைப் பாத்துக்கறதுக்காக ஏஜென்சில இருந்து அனுப்பின பொம்பள. சங்கமித்ரா. அப்பா கழுத்துல இருந்த செயினைக் காணோம். அவளையும் காணோம்."

"எப்படி சார்...?"

"தலையணைய மூஞ்சில வெச்சு அமுக்கியிருக்கா தீபிகா... எழுபத்தோரு வயசு மனுஷன். காலை உதைக்கக்கூடத் தெம்பு இல்ல..."

அழுதான். பார்ப்பதற்கு ஆள் இல்லாததால் கொஞ்சமாக அழுதான்.

"போலீஸ் வந்தாச்சா சார்?"

"உள்ள இருக்காங்க. நான் பால்கனில இருந்து பேசறேன். ஒரே ஒரு ரெக்வஸ்ட்... என் பேரு வரக்கூடாது. வைஸ் பிரசிடென்ட்டா இருந்துட்டு... நியூஸ்லலாம்... 'வட்டாரங்கள்'னு போடுவீங்களே, அப்படிப் போட்டுக்குங்க."

"ப்ராமிஸ் சார்."

எட்டு பதினாலுக்கு வாட்ஸ்அப்பில் சங்கமித்ராவின் போட்டோவும் நம்பரும் வந்தன.

போட்டோவில் நீலப் புடவையில் ஒரு பெண். பக்கத்தில் யூனிஃபார்மில் பன்னிரண்டு வயதுச் சிறுமி. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

தீபிகாவின் விரல் அந்த நம்பர் மீது போனது. நின்றது.

அதை விட்டுவிட்டு எடிட்டருக்கு அடித்தாள்.

*

சீனிவாசராகவன். ஊர்மணியின் எடிட்டர், ஓனர், செய்தி வாசிப்பாளர். பதினைந்து நிமிடத்தில் ஆபீஸில் இருந்தார். கோட்டு மேலே, லுங்கி கீழே. கேமராவுக்கு மேலே மட்டும் போதும்.

"சார், அந்தம்மா நம்பர் இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுடவா?"

"என்னன்னு?"

"நீங்க கொன்னீங்களான்னு..."

"இல்லன்னு சொல்லுவா. அப்புறம் நியூஸ் எங்கம்மா இருக்கு?"

"கிஷோர் சார் சொன்னதை மட்டும் வெச்சு..."

"பதினோராவது மாடில இருக்கறவரும்மா! அங்கேர்ந்து பாத்தா எல்லாம் தெளிவாத் தெரியும்."

"அந்தப் பொண்ணு மூஞ்சியையாவது மறைச்சுடலாம் சார். குழந்தை..."

"மறைச்சா அம்மா மூஞ்சி பாதி போகுது. விடு."

எட்டு நாற்பத்தைந்து. செய்தி போனது.

'முதியவரைத் தலையணையால் அமுக்கிக் கொன்ற கொடூர அட்டெண்டர்! சங்கமித்ரா தலைமறைவு! நம்பத்தகுந்த வட்டாரங்கள் தகவல்!'

பெயர், பேட்டை, போட்டோ, மகள்... எல்லாம் சங்கமித்ராவுக்கு. மகனைப் பற்றி ஒரே வரி. 'பெயர் வெளியிட விரும்பாத ஐ.டி. உயரதிகாரி.'

மற்ற சேனல்கள் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருந்தன. கட்டிலடியில் ரத்தம். பின்மண்டையில் காயம். யாரோ தலையில் அடித்துக் கொன்றிருக்கிறார்கள் என்று போலீஸ் சந்தேகிக்கிறது...

"எல்லாரும் மண்டைலயே அடிச்சிட்டிருக்கான்!" சீனிவாசராகவன் கைகளைத் தேய்த்துக்கொண்டார். "நாம மட்டும்தான் தலையணை. எக்ஸ்க்ளூசிவ்!"

தீபிகாவுக்கு ஏதோ உறுத்தியது.

பத்து மணிக்குள் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். உறுத்தல் போய்விட்டது.

*

பதினொன்று இருபது.

ரிசப்ஷன் என்பது ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு தண்ணீர் கேன். அங்கே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். தலைகூட வாரவில்லை.

"யாரு வேணும்?" என்றாள் தீபிகா.

"இங்க நியூஸ் போடறது யாரும்மா?"

"நான்தான். நீங்க...?"

"தலைமறைவா இருக்கேனாமே... அது நான்தான்."



போட்டோவில் சிரித்த முகம். இப்போது சிரிக்கவில்லை.

"ஆறு மணிக்கு ட்யூட்டி முடிஞ்சுது. பெரியவருக்கு காபி குடுத்தேன், மாத்திரை குடுத்தேன். அவரு புள்ளைகிட்ட சொல்லிட்டுதான் கெளம்பினேன். அவருதான் எனக்குப் பின்னாடி கதவைச் சாத்தினாரு. ஊட்டுக்கு வந்து படுத்துட்டேன். பத்து மணிக்கு பொண்ணோட ஸ்கூல்லேர்ந்து போனு... வந்து இட்டுகினு போங்கன்னு."

"ஏன்...?"

"வேன் டிரைவரு உங்க நியூஸைப் பாத்துட்டு ஹெட்மாஸ்டருக்குக் காட்டினாராம். மத்த புள்ளைங்களோட அம்மாங்கள்லாம் கேட்டாண்ட நின்னு சத்தம் போட்டாங்களாம். ஏழாவது படிக்கறாம்மா... பாத்ரூம்ல போயி உக்காந்துகினு வெளிய வரலை."

தீபிகா ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

"நீங்க... போலீசுக்குப் போகலையா?"

"போலீஸ் எங்கம்மா என்னைத் தேடுச்சு? ஏஜென்சிக்கு போன் பண்ணி, 'மத்தியானம் அனுப்புங்க, விசாரிக்கணும்'னாங்க. அவ்ளோதான். தேடறது நீங்கதான். அதான் நேரா இங்க வந்தேன்."



"என் நம்பர் உங்ககிட்ட இருந்துச்சாம்மா?"

"...இருந்துச்சு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமே."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தீபிகா தப்பித்திருப்பாள்.

உள் கதவு திறந்தது. சீனிவாசராகவன் எட்டிப் பார்த்தார். கண்கள் விரிந்தன. அடுத்த நொடி வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் விழுந்தது!

"சார், அவங்களாத்தான் வந்தாங்க..."

"தெரியும்மா. கேமராவை ஆன் பண்ணு!"

லைவ்.

'ஊர்மணி வேட்டையில் சிக்கினாள் சங்கமித்ரா! எந்தக் குற்ற உணர்வும் இன்றித் தண்ணீர் குடிக்கும் காட்சி!'

பத்தே நிமிடம். டயர்க் கடை வாசலில் நூறு பேர் கூடிவிட்டார்கள். யாரோ மாடியைப் பார்த்து ஒரு செருப்பை எறிந்தார்கள். அது சங்கமித்ராவுக்குப் பதில் டயர்க்காரர் மீது விழுந்ததில் தனியாக ஒரு சண்டை ஆரம்பித்தது.

போலீஸ் ஜீப் வந்தது. கூட்டத்தைப் பிளந்து அவளை ஏற்றியது.

ஏறும்போது அவள் தீபிகாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"பொண்ணு பக்கத்து ஊட்ல இருக்கா. சாப்பிட்டாளான்னு மட்டும் யாராச்சும் கேளுங்கம்மா!"

*

நாலே முக்கால்.

இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா மாடிப்படி ஏறி வந்தார். கோலார்க்காரர். தமிழும் கன்னடமும் அவர் வாயில் ஒரே தட்டில் சாப்பிடும்.

"நமஸ்காரா, சீனிவாசராகவன் அவரே. காலைல எட்டே முக்காலுக்கு தலையணைன்னு போட்டிருக்கீங்க."

"எங்க சோர்ஸ் அப்படி சார்!" எடிட்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாங்க மண்டைல அடின்னு நெனச்சோம். டாக்டரு இல்லன்னுட்டாரு. அந்தக் காயம் சும்னே, சும்மா கட்டில்லேர்ந்து கீழ தள்ளினதுல பட்டது. மூச்சை அடைச்சுதான் கொன்னிருக்காங்க. தலையணைப் பஞ்சு மூக்குல இருக்கு."

"பாத்தீங்களா! நாங்க அப்பவே சொன்னோம்!"

"அதான் நானும் கேக்க வந்தேன். போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் மூணரைக்கு வந்துச்சு. உங்களுக்கு ஏழு மணி நேரம் முன்னாடியே எப்படித் தெரிஞ்சுது?"



"இது கொன்னவனுக்குத் தெரியும். அறுத்துப் பாத்த டாக்டருக்குத் தெரியும். மூணாவது ஆளு நீங்க." கோவிந்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்க டாக்டரா?"

எடிட்டரின் கோட்டுக்குள் வியர்த்தது.

"சார்... பத்திரிகை தர்மம்னு ஒண்ணு இருக்கு. சோர்ஸைக் காட்டிக் குடுக்கமாட்டோம்."

தர்மம் என்ற சொல்லை அந்தக் கட்டடத்தில் தீபிகா கேட்பது அதுதான் முதல் தடவை.

"ஓஹோ. அப்ப நீங்களே ஜீப்புல ஏறுங்க."

"ஒரு நிமிஷம் சார்!"

எடிட்டர் தீபிகாவை மூலைக்கு இழுத்துப் போனார். கிசுகிசுத்தார்.

"கிஷோர் பேரை எடுக்காதே! நம்ம ஆண்டு விழாவுக்கு அவர் கம்பெனிதான் ஸ்பான்சர்."

"சார்... தலையணைன்னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"பெரிய பதவில இருக்கறவர்... யூகிச்சிருப்பார்!"

திரும்பி வந்து இன்ஸ்பெக்டர் முன்னால் கைகூப்பினார்.

"உண்மையச் சொல்லிடறேன் சார். சோர்ஸ்னு யாருமே இல்ல. நானே சும்மா அடிச்சு விட்டது!"

"பொய்யா?"

"சுத்தப் பொய் சார்!"

கோவிந்தப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார். லுங்கியில் கண் ஒரு கணம் நின்றது.

"அது நம்பற மாதிரிதான் இருக்கு. எழுதிக் கையெழுத்து போட்டுக் குடுங்க."

எடிட்டர் பேனாவைத் தேடினார்.

தீபிகா அசையாமல் நின்றாள். காலையில் ஒரு ப்ராமிஸ் கொடுத்திருந்தாள். ரிப்போர்ட்டர் கொடுத்த வாக்கு. அதை மீறினால் இந்தத் தொழிலில் நாளைக்கு யார் அவளிடம் வாய் திறப்பார்கள்?

சரி. வாயே திறக்க விடாமல் செய்தாளே ஒருத்தியை... அவளுக்கு என்ன வாக்கு கொடுத்தாள்? சங்கமித்ரா சொன்னது காதில் கேட்டது.

அவருதான் எனக்குப் பின்னாடி கதவைச் சாத்தினாரு.

"பொய் சார்!" என்றாள்.

"எது?"

"பொய் சொன்னேன்னு இவர் சொல்றாரே, அது. மூணு வருஷமா இவர் அடிச்சு விட்ட கொலையெல்லாம் எனக்குத் தெரியும். எல்லாத்துலயும் கத்திதான். தலையணை அளவுக்கு இவருக்குக் கற்பனை கிடையாது சார்!"

"தீபிகா!"

அவள் செல்போனை மேஜை மேல் வைத்து பிளேயை அழுத்தினாள்.

'...தலையணைய மூஞ்சில வெச்சு அமுக்கியிருக்கா தீபிகா... காலை உதைக்கக்கூடத் தெம்பு இல்ல...'

கோவிந்தப்பா இரண்டு தடவை கேட்டார். காலையில் அவரிடம் ஸ்டேட்மென்ட் கொடுத்த அதே குரல்.

"இதே மகாராஜா எங்ககிட்ட என்ன ஸ்டேட்மென்ட் குடுத்தாரு தெரியுமா? 'ஏழரைக்கு எழுந்தேன், அப்பா கீழே கெடந்தாரு, மண்டைல ரத்தம், யாரோ அடிச்சிருக்காங்க.' தலையணை பத்தி ஒரு வார்த்தை இல்ல."

"பேரைச் சொல்லமாட்டேன்னு வாக்கு குடுத்திருந்தேன் சார்..." என்றாள் தீபிகா.

"நீங்க எங்கம்மா சொன்னீங்க? போன்தானே சொல்லுது."

எழுந்தார். எடிட்டரின் கையிலிருந்த பேனாவை வாங்கித் தன் பையில் செருகிக்கொண்டார்.

"நீங்களும் வாங்க சீனிவாசராகவன் அவரே. லுங்கியோடயே வாங்க, பரவால்ல."

*

ஆறு மணிக்குக் கிஷோர் ஒப்புக்கொண்டான்.

செயின் அவன் காரின் ஸ்டெப்னிக்கு அடியில் இருந்தது. பதினோராவது மாடி வீடு அப்பா வெங்கடசுப்ரமணியன் பெயரில் இருந்தது. அப்பாவின் கையெழுத்தைத் தானே போட்டு அதை வேறொருவருக்கு விற்றுவிட்டிருந்தான். திங்கட்கிழமை போலீசுக்குப் போகப்போவதாக அப்பா சொன்னார். மகன் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை.

சீனிவாசராகவனிடம் எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் ஊர்மணியில் அடுத்த செய்தி ஓடியது.

'முதியவர் கொலையில் திடீர் திருப்பம்! ஊர்மணி புலனாய்வு வெற்றி!'

கிஷோரின் முகத்துக்கு மங்கல் போட்டிருந்தார்கள். குற்றம் நிரூபிக்கப்படும் வரை அவர் குற்றவாளி அல்லவாம்.

தீபிகா போன் செய்தாள்.

"சார், காலைல போட்ட வீடியோவை எடுத்துடுங்க."

"ஏழு லட்சம் வியூஸ்மா! எடுக்கறதா? கீழ ஓடற வரில 'வருந்துகிறோம்'னு போட்டுடலாம். நாலு செகண்ட்."

"சேனல் பாஸ்வேர்ட் என்கிட்டயும் இருக்கு சார்."

"அதுக்கென்ன?"

 போலீஸ் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நின்று காலைச் செய்தி, லைவ் இரண்டு வீடியோக்களையும் அழித்தாள். அதே சேனலில் லைவ் போட்டு, செல்போனைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"நான் தீபிகா. காலையில பொய்ச் செய்தி எழுதினது நான்தான். அவங்க நம்பர் என்கிட்ட இருந்தது. நான் கூப்பிடலை..."

முகத்தை மறைக்கவில்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். இருநூற்றுப் பதிமூன்றாவதாகப் பார்த்தவர் எடிட்டர். வேலை போய்விட்டது என்ற செய்தி வாட்ஸ்அப்பில் வந்தது. இந்த ஒரு செய்தியை மட்டும் அவர் சரிபார்த்து அனுப்பியிருந்தார்.

ஏழு மணி.

ஸ்டேஷனுக்குள் சங்கமித்ரா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். தீபிகா எதிரில் போய் நின்றாள்.

"அக்கா... உங்க பொண்ணைப் போயி பாத்தேன். தயிர் சோறு சாப்பிட்டா. நாளைக்கு ஸ்கூலுக்கு நானும் வரேன். ஹெட்மாஸ்டர்கிட்ட நானே சொல்றேன்."

சங்கமித்ரா அவளையே பார்த்தாள்.

"அந்தம்மாங்ககிட்டயும்?"

"கேட்டுல நிக்கறவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்றேன்க்கா."

"எட்டரைக்கு பெல்லு. லேட்டா வராதே."

மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. தீபிகாவும் கேட்கவில்லை.

வாசலில் இருபது கேமராக்கள் காத்திருந்தன. மத்தியானம் ஜீப்பில் ஏறியவளைக் கொலைகாரி என்ற அத்தனை சேனல்களும்... இப்போது 'அப்பாவிப் பெண்ணின் கண்ணீர்' வேண்டி!

ஒரு கான்ஸ்டபிள் பதறிப்போய் ஒரு துண்டோடு ஓடி வந்தார்.

"யம்மா, மூஞ்சிய மூடிக்கம்மா! வாசல் பூரா பிரஸ்ஸுகாரங்க!"

சங்கமித்ரா துண்டை வாங்கினாள். பார்த்தாள். மடித்து அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இத அவங்களுக்குக் குடுங்க சார்... ஒண்ணு பத்தாது, இன்னும் பத்தொம்போது எடுத்துகினு வாங்க!"