இருமிய பறவை

பறவை கூவி முடித்ததும் இருமியது.

ஆதிலட்சுமி பைனாகுலரைக் கண்ணிலிருந்து இறக்கினாள். பக்கத்துப் பாறையில் குப்புறப் படுத்திருந்த தம்பி விமல்ராஜ், கேமராவை எதிர்க்கரைப் பாறைச் சுவரை நோக்கித் திருப்பிக்கொண்டிருந்தான். அவனுடைய சின்ன ஸ்பீக்கர் ஓய்ந்து கொஞ்ச நேரமாகியிருந்தது. பதிவு செய்த பறவைக் குரலை ஒலிக்கவிட்டால், தன் எல்லைக்குள் இன்னொன்று நுழைந்துவிட்டதாக நினைத்து, ஒளிந்திருக்கும் பறவை சண்டைக்கு வெளியே வரும். படமெடுக்க வருபவர்களின் குறுக்கு வழி அது. கூடாது என்று வனக் காப்பக வாசலிலேயே பலகை வைத்திருந்தார்கள்.

அந்தப் பதிவின் முடிவில், அதை எடுத்தவர் யாரோ, லேசாக இருமியிருந்தார். எதிர்க்கரையிலிருந்து வந்த பதிலிலும் அந்த இருமல் இருந்தது.

"எக்கோக்கா," என்றான் விமல்.

"எக்கோ இவ்ளோ லேட்டாவா வரும்?"

"உங்க கலெக்டர் ஆபீஸ்ல பதில் வர்றதுக்கு இது எவ்ளோவோ சீக்கிரம்."

அவள் சிரிக்கவில்லை. பௌர்ணமி நாள், திருவண்ணாமலையே கிரிவலத்தில் இருந்தது. "எல்லாரும் மலைய சுத்தட்டும், நாம மஞ்சள் தொண்டைச் சின்னான் குருவியத் தேடலாம், அங்க ஒரு ஈ காக்கா இருக்காது" என்று சொல்லித்தான் செங்கம் ரோட்டில் அவளைப் பின்னால் உட்காரவைத்து வண்டியை விரட்டி வந்தான். அவன் சொன்னது உண்மையாகிவிட்டது. ஆறு பாறையைப் பிளந்து ஆழத்தில் ஓடிய அந்தப் பள்ளத்தாக்கில், அரிய பறவைகளுக்குப் பேர்போன அந்த இடத்தில், மாலை வெயில் பாறை உச்சியில் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், கூடு திரும்பும் ஒரு சிறகின் சத்தம்கூட இல்லை. பாசியும் வௌவால் எச்சமும் கலந்த வாடை மட்டும் கீழிருந்து மெல்ல ஏறி வந்தது.

"அந்த வளைவுக்கு அப்பால இருந்துதான் கூவுது. ஒரே ஒரு படம். இங்கயே இரு," என்று எழுந்தான் விமல்.

"சீக்கிரம் வாடா, இருட்டிடும்."

கையை மட்டும் ஆட்டிவிட்டு, கல் கல்லாகத் தாண்டி ஆற்றைக் கடந்து, வளைவில் மறைந்தான்.

வெயில் உச்சியை விட்டும் போனது. தண்ணீர் பாறையில் உரசும் சத்தம் கனத்தது. எதிர்க்கரை நிழல்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே கறுப்பாகித் தண்ணீருக்குள் இறங்கின. அப்போதுதான் அந்தக் கறுப்புக்குள்ளிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"சீக்கிரம் வாடா, இருட்டிடும்."

ஆதிலட்சுமியின் சொந்தக் குரல்.

 மேலே, கைக்கு எட்டாத உயரத்தில், விமலின் குரல் "எக்கோக்கா" என்றது. இன்னும் தள்ளி ஓர் ஆண்: "இந்தப் பக்கம் பாரும்மா, போட்டோ." ஒரு குழந்தை: "தண்ணி வேணும்." இங்கே வந்துபோனவர்களின் பேச்சு. கேட்டதை ஏதோ ஒன்று அப்படியே திருப்பித் தருகிறது. சொந்தமாக ஒரு சொல்கூட இல்லை.

வண்டிச் சாவி அவளிடம்தான் இருந்தது. ஏறிப் போனால் காப்பக வாசல். ஆட்கள். விளக்கு.

குறைதீர்வு நாளில் மனுவோடு ஒரு கூட்டமே மேசையைத் தட்டிக் கத்தினாலும் நாற்காலியை விட்டு எழாதவள் அவள்.  எதிர்க்கரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள்.

"என் தம்பிய அனுப்பு!"

"என் தம்பிய அனுப்பு!" என்றது பள்ளத்தாக்கு, அவள் குரலில்.

"எத்தனவாட்டி சொன்னாலும் அது என் தொண்டை. உன்னுது இல்ல."

செல்போன் விளக்கைப் போட்டுக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

வளைவுக்கு அப்பால் விமல் நின்றிருந்தான். பாறையைப் பார்த்தபடி. முகம் சுவரில் உரச.

"இன்னாடா நிக்கிற இங்க?"

தொட்டுப் பார்த்தாள். தோள் ஈரம். பயந்துபோயிருக்கிறான் என்று நினைத்தாள். மணிக்கட்டைப் பற்றி இழுத்தாள். வந்தான். ஆற்றுக் கல்லைத் தாண்டும்போதும் ஒன்றும் பேசவில்லை. கரையேறும்போதும் பேசவில்லை. மேட்டுப் பாதையில் பாதி தூரம் வந்தாயிற்று. காப்பக வாசலின் விளக்கு மரங்களுக்கு இடையில் தெரிந்தது.

"அக்கா!"

பின்னாலிருந்து. கீழேயிருந்து.

"இடுக்குல விழுந்து மயங்கிட்டேன்க்கா. கால் மாட்டிக்கிச்சு. மேல உன் செல்லு வெளிச்சம் தெரியுது." குரல் கொஞ்சம் தயங்கியது. "பக்கத்துல ஆள் தெரியுதே... யாரக்கா கூட்டினு போற?"

ஆதிலட்சுமி நின்றாள்.

கேட்டதைத்தான் அது சொல்லும். இதை இங்கே யாரும் பேசவில்லை. இது புதுப் பேச்சு. விமல் பேச்சு.

பிடித்திருந்த மணிக்கட்டில் நாடியைத் தேடினாள். விரலை நகர்த்தித் தேடினாள். இல்லை.

திரும்பினாள்.

விமலின் முகம். மூக்கோர மச்சம்கூட அப்படியே. வாய் திறந்திருந்தது. உள்ளே நாக்கு இல்லை. தொண்டை மட்டும், கூவப்போகும் பறவைக்குப்போல, உப்பியது. அடங்கியது. உப்பியது.

உதறிவிட்டு ஓடலாம். விளக்கு பக்கத்தில்தான்.

விரல்களை இன்னும் இறுக்கினாள்.

"விமல்! அங்கயே இரு. வரேன்!"

பிறகு அந்த முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உன்னத்தான். நட. அவன எந்த இடுக்குல வெச்சிருக்கன்னு காட்டு. அவன் கை என் கைக்கு வர்ற வரைக்கும் உன் கைய விடமாட்டேன்."

அதன் தலை பக்கவாட்டில் சாய்ந்தது. முதல் தடவையாக அது கையை இழுத்துப் பார்த்தது. அவள் விடவில்லை.

அது நடந்தது. முன்னால் அது. பிடித்தபடி அவள். மறுபடி ஆறு. மறுபடி வளைவு.

"அக்கா, சீக்கிரம்," என்றான் விமல், இருட்டுக்குள்.

நிலா ஏறியது. வெளிச்சம் பாறைச் சுவரில் மேலிருந்து கீழே இறங்கியது. சுவர் முழுக்கப் பொந்துகள். ஒவ்வொரு பொந்திலும் ஓர் ஆள். தொப்பி. பைனாகுலர் வார். குழந்தையின் சின்னக் கால். எல்லாத் தலைகளும் ஒரே பக்கம் சாய்ந்தன. எல்லா வாய்களும் திறந்தன. எல்லாத் தொண்டைகளும் உப்பின.

"வரேன்," என்றன, அவள் குரலில். "வரேன். வரேன். வரேன்."

ஆதிலட்சுமி பிடியை விடாமல், தலைகுனியாமல், அவற்றுக்குக் கீழே விமலின் குரல் வந்த பக்கம் நடந்தாள்.